வேன் கதவும் ஒரு தக்காளியும்

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. என் மகள் தர்ஷினி, ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாக, வாசலில் நிறுத்தியிருந்த என் பைக்கின் பின்சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அவ்வளவு பிடி எங்கிருந்துதான் வருகிறதோ. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் போய் ஒட்டிக்கொள்கிறது.

"எழுந்திரு சாமி, வேன் நிக்குது பாரு."

"அப்பா, வழியில எனக்கு வயிறு வலிச்சா?"

"வலிக்காது."

"வலிச்சா?"

"டீச்சர்கிட்ட சொல்லு, மாத்திரை குடுப்பாங்க."

"டீச்சர் லீவுன்னா?"

"வேற டீச்சர் இருப்பாங்க."

"மழ வந்து ஆத்துல தண்ணி வந்துட்டா? வேன் கதவு தொறந்துக்கிச்சின்னா? நீ என்ன மறந்துட்டா?"

அது தை மாதம். எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் தையில் ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே மேளம் வைத்து வரவேற்கும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நான் மேலே கையைக் காட்டி, "எங்கடி மழ?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சாயங்காலம் வந்தா?" என்றாள்.

டிரைவர் சேகர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, நேரமாவுது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். வேன் மறைந்ததும் பைக் சக்கரம் தானாக விடுபட்டது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் போர் போட்டுத் தண்ணீர் வராத கதையை எழுதியதைப் படித்துவிட்டு, அடுத்து சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். எழுதிவிட்டேன். அடுத்தவன் வீட்டில் நடந்தால் இது சிரிப்புக்கதைதான்.

கோமதியின் நீலக் கோட்டு

எங்கள் வீட்டுக் காலை நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஊருக்கு வெளியே தக்காளித் தோட்டம் வைத்திருக்கிறேன். மனைவி கோமதி ஓசூர்ப் பக்கம் ஒரு துணி கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் விடியும்போதே மெயின்ரோட்டுக்கு வந்துவிடும். ஆகவே பிள்ளையைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பாலக்கோட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்து வேனில் ஏற்றுவது என் பொறுப்பு.

வேனில் ஏற்ற முடியாவிட்டால் பைக்கில் கொண்டுபோய் விட வேண்டும். போய்விட்டு வருவதற்குள் மண்டியில் ஏலம் முடிந்து, பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். பறித்த தக்காளிக்கு என் மகளின் கவலையெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பழுக்கும்.

கோமதிக்கு அந்தச் சமயம்தான் லைன் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருந்தார்கள். வருடக்கணக்கில் மெஷினில் குனிந்து உட்கார்ந்தவள், இப்போது நிமிர்ந்து நடந்து வேலை பார்க்கிறாள். அதற்கு அடையாளமாக ஒரு நீலக் கோட்டு. அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளே துவைத்து, அவளே தேய்த்து, வேறு யாரும் தொடாத இடத்தில் மாட்டி வைப்பாள்.

அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒண்ணாந்தேதி வரைக்கும் பாக்கறேங்க. அப்பவும் வேன்ல ஏறலன்னா நான் வேலைய வுட்டுட்டு வூட்லயே இருந்துக்கறேன்."

"ஏம்மா, அதுக்கென்ன அவசரம்?"

"புள்ள ஸ்கூலுக்குப் போவாம நாள் போவுதுங்க. உங்களுக்கும் மண்டிக்குப் போவ முடியல. வேற யாரு இருக்கறாங்க நமக்கு?"

அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. காலர் மடிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அவள் அந்த வேலையை விடக் கூடாது என்று எனக்கு வெறியே வந்தது.

வைத்தியம் பார்த்தவர்கள்

செய்தி காரிமங்கலத்துக்குப் போனது. என் அக்கா அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். மிளகாய், உப்பு, எங்கள் தெருமுனையில் அள்ளிய மண் எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். நான் இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய வெளியே ஓடினேன். "பாத்தியாடா, துளி நெடி இல்ல. அத்தனையும் ஊர்க் கண்ணு!" என்றாள் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

பிறகு ஒரு தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரிக்க வைத்தாள். அங்கே இருந்த பெரியவர் நெற்றியில் ஊதி, சர்க்கரை கொடுத்து, கையில் கறுப்புக் கயிறு கட்டினார். தர்ஷினிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் நம்பிக்கை வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த கையோடு கேட்டாள்: "அப்பா, கயிறு அறுந்துட்டா?"

பள்ளிக்கூடத்தில் ஒரு மேடம் இருந்தார். பிள்ளைகளின் மனசைப் பற்றிப் படித்தவர், நல்ல மாதிரி. மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். பயம் வரும்போதெல்லாம் நல்லதையே நினைக்கச் சொன்னார். பைக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "நல்லத நெனைக்க மறந்துட்டா?"

நானும் ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். "பயப்படாதடி!" என்று தெரு அதிரக் கத்துவது. அதைக் கேட்டு எதிர்வீட்டு ஆடு பயந்ததே தவிர வேறு பலன் இல்லை.

ஒரு பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி முளைக்கிறது. களை பிடுங்குகிற மாதிரி நானும் காலையிலிருந்து ராத்திரி வரை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பாய் பெட்டியைக் கவிழ்த்தார்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை குறுக்கே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

நான் முதன்முதலாகத் தக்காளி போட்டு, முதல் பறிப்பை மண்டிக்குக் கொண்டுபோன நாள். என் பெட்டிகளைப் பார்த்து எனக்கே பெருமை. மேலே இருந்த பழமெல்லாம் சும்மா மினுமினு என்று இருந்தது. வியாபாரி காதர் பாய் வந்தார். பழத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் பெட்டிக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். அதுவும் போதாமல், இன்னொரு பெட்டியை அப்படியே சாக்கின்மேல் கவிழ்த்துவிட்டார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "என்னங்க பாய், நம்பிக்கை இல்லையா?" என்று எகிறினேன்.

"தம்பி, உன்னை நம்பறேன். பெட்டியத்தான் நம்பல" என்றார். "மேல இருக்கறது எல்லா ஊர்லயும் நல்லாத்தான் இருக்கும்."

என் சரக்கு அடிவரைக்கும் சுத்தமாக இருந்தது. நல்ல விலையும் போனது. ஆனாலும் அந்தக் கோபம் ரொம்ப நாள் போகவில்லை. லீவு நாட்களில் தர்ஷினியை மண்டிக்குக் கூட்டிப்போவேன். அவளுக்கு அங்கே பிடித்த ஒரே வேடிக்கை, பாய் பெட்டிக்குள் கையை விடுவது. வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவில் முழங்கை வரை விட்டு, "தம்பி, பெட்டியத்தான் நம்பல" என்று அவர் மாதிரியே சொல்லிக் காட்டுவாள். கோமதி திட்டுவாள். நான் சிரிப்பேன்.

கடுப்பில் பிறந்த விளையாட்டு

சரி, வேன் போய்விட்ட அந்தக் காலைக்கு வருகிறேன். ஏலத்துக்கும் நேரம் போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் தக்காளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து தரம் பிரிக்க ஆரம்பித்தேன். தர்ஷினி யூனிபார்மோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. பேய் வந்தா, பென்சில் தொலைஞ்சா, அம்மா பஸ்ஸு பஞ்சர் ஆனா, செவலை மாடு செத்துப்போனா.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த பழத்தைத் தொப்பென்று பெட்டியில் போட்டேன்.

"ஏண்டி, எல்லாத்தையும் ஒரே குவியலாக் கொட்டிக்கினு உயிர வாங்கற! தக்காளிய தரம் பிரிக்கல? உன் கேள்வியயும் அது மாதிரி தரம் பிரிச்சிப் போடு. அப்புறம் வந்து என்கிட்ட பேசு."

ஒரு நிமிஷம் தொல்லை விடட்டும் என்றுதான் சொன்னேன். உள்ளே ஞானம் எதுவும் இல்லை. அவளோ நிஜமாகவே ஒரு தக்காளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இது வயித்துவலி. எதுல போடறது?"

நான் முறைத்தேன். அவள் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். நன்றாகப் பழுத்தது பழம், அதை இன்றைக்கே பார்த்தாக வேண்டும், நாளைக்கு நிற்காது. பாதி சிவந்தது செங்காய், தூரத்து லாரியில் போகும், போகிற வழியில் பழுத்தால் பழுக்கட்டும், இப்போது நமக்கு அதனோடு வேலை இல்லை. சின்னச் சின்னதாக இருப்பது பொடி, வீட்டுக் குழம்புக்கு ஆகும். சொத்தையும் அழுகலும் கழிவு, செவலைக்கு.

அவள் யோசித்தாள். "இப்ப வயிறு வலிக்கல. செங்காய்" என்று அந்தப் பெட்டியில் போட்டாள். பென்சில் தொலைவது பொடி. "இன்னொன்னு இருக்குது பைல" என்று அவளே காரணமும் சொன்னாள். அம்மா பஸ் பஞ்சரானால் கம்பெனி பார்த்துக்கொள்ளும், செங்காய்.

பேயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உருட்டினாள். ஸ்கூல் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனா எடுத்து அதற்குக் கண்ணும் பல்லும் வரைந்தாள். பிறகு எழுந்து போய்ச் செவலையின் வாய்க்கு நேராக நீட்டினாள். செவலை ஒரே கடி. சாறு தெறித்து யூனிபார்மெல்லாம் சிவப்பு. "அப்பா, பேயி காலி!" என்று குதித்துக் குதித்துச் சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டைக் கறை போகாது என்ற எரிச்சலையும் தாண்டி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பத் திரும்ப வந்த பழம்

விளையாட்டு பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் கொட்டகைக்கு ஓடுவாள். கயிறு அறுவது, ஆற்றில் தண்ணீர் வருவது, டீச்சர் லீவு போடுவது எல்லாம் பெட்டிகளுக்குப் பிரிந்து போயின. சிலதுக்கு மீசை வரைந்தாள். செவலை கொழுத்தது. பைக் சக்கரம் தப்பித்தது. இரண்டு கால்களிலும் ஷூ ஏறியது.

கோமதியிடம் போனில் பெருமையடித்தேன். "எந்த மேடமும் வேணாம், என் மண்டி வைத்தியம் போதும்."

"வேன்ல ஏறிட்டாளாங்க?"

அதுதான் இல்லை. பையை மாட்டிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, சந்தோஷமாக வேன் வரைக்கும் வருவாள். படிக்கட்டில் கால் வைத்ததும் முகம் வெளுத்துவிடும். திரும்பி ஓடி வந்துவிடுவாள். ஒன்றாம் தேதி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு தக்காளி மட்டும் எந்தப் பெட்டிக்கும் போகாமல் தகராறு செய்தது. தினமும் ஒரு புதுப் பழமாகத் தேர்ந்தெடுத்து, அதில் நீளமாக ஒரு கட்டம் வரைவாள். வேன் கதவு. அதைப் பழப்பெட்டியில் வைப்பாள். இன்றைக்கே பார்த்தாக வேண்டிய பெட்டி.

"இது கழிவுடி. கதவெல்லாம் தொறக்காது, டிரைவர் மாமா பூட்டிடுவாரு" என்று நான் எடுத்துச் செவலைக்கு எறிவேன். அவள் இன்னொரு பழத்தை எடுத்து இன்னொரு கட்டம் வரைவாள். நான் எறிய, அவள் வரைய, ஒரு நாள் காலை எனக்கு நரம்பெல்லாம் புடைத்துவிட்டது.

"ஒரே பேச்சையே எத்தன வாட்டி சொல்றது உனக்கு? பேயே போயிடுச்சி, கதவு போவாதா?"

அவளும் என் மகள்தானே. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். "நீ மேல மட்டும் பாக்கறப்பா! பாய் தாத்தா அடியில கைய வுட்டுதான பாப்பாரு? நீ பாத்தியா?"

"என்னத்தடி பாக்கறது?"

"கதவ! உள்ள இருந்து பாத்தியா? கயிற நான்தான் புடிச்சிக்கணும். ஸ்பீட் பிரேக்கர்ல ரொம்ப இழுக்கும்பா. நான் வுட்டா எல்லாரும் வுழுந்துடுவாங்களாம்."

நான் எறிவதற்காக எடுத்திருந்த தக்காளி கையிலேயே நின்றது.

உள்ளே இருந்து பார்த்தேன்

வேன் வந்து நின்றது. நான் ஓட்டுநர் பக்கம் போகாமல் பின்பக்கம் போய்க் கதவை இழுத்துத் திறந்தேன். பூட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கைப்பிடியில் ஒரு நைலான் கயிறு கட்டி, சீட்டுக் கம்பியில் ஒரு சுற்று சுற்றி விட்டிருந்தது. அதன் நுனி, கதவோரச் சீட்டில் இருந்த குழந்தையின் கையில். தர்ஷினியைவிடச் சின்னப் பெண். தர்ஷினி வராத நாட்களில் அந்த வேலை அவளுக்கு வந்திருக்கிறது. கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் திறந்தபோதும் விடவில்லை.

"சேகரு, எறங்குடா கீழ."

"அண்ணே, லாக்கு போயிடுச்சிண்ணே. கயிறு கட்டிதான் கீது, ஒண்ணும் ஆவாது."

"புள்ளைங்ககிட்ட என்ன சொன்ன?"

"அது சும்மாண்ணே... பசங்க ஒரே சத்தம். ஒரு எடத்துல உக்காரட்டும்னு, நீதான் கதவு லீடரு, நீ வுட்டா எல்லாரும் வுழுந்துருவாங்கன்னு ஒரு வெளையாட்டுக்கு..."

அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு நான் பேசியதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். தெருவே கூடிவிட்டது. குழந்தைகளை இறக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டோம். அவரவர் அப்பாக்கள் பைக்கில் வந்து அழைத்துப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கும் சொன்னோம். அவர்கள் அங்கிருந்து பதறினார்கள். வேனைப் பட்டறைக்கு ஓட்டிப்போய், புதுப் பூட்டு மாட்டி முடிகிற வரைக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றைய தக்காளி கொட்டகையிலேயே கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வயிற்றுவலி, மழை, டீச்சர் லீவு, பேய் எல்லாம் பெட்டியின் மேல்வரிசை. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தே மிளகாய் சுற்றினோம், மந்திரித்தோம், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம். ஒரு வேன் நிறைய பிள்ளைகளின் உயிர் தன் கையில் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை தினமும் பாலக்கோடு வரைக்கும் போய் வந்திருக்கிறாள்.

கேள்விகள் நின்றுவிட்டன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நேற்றுக்கூட, "அப்பா, சூரியன் வர மறந்துட்டா?" என்று கேட்டு என் டீயை ஆற வைத்தாள். செங்காயில் போடு என்றேன். கோமதி நீலக் கோட்டோடு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே சிரித்தாள்.

பூட்டு மாட்டிய மறுநாள் காலையைச் சொல்லி முடிக்கிறேன். வேன் வந்தது. ஹாரன் அடிக்காமல் சேகரே இறங்கி வந்து கதவைத் திறந்து மூடிக் காட்டினான். தர்ஷினி அவனை நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. உள்ளே ஏறி, கதவை மூடச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து, கால்களைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு கயிறு கட்டியிருந்த கம்பியைத் தடவிப் பார்த்தாள். கயிறு இல்லை.

ஜன்னல் வழியாகச் சேகரைக் கூப்பிட்டாள். பையின் பக்கத்து அறையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்தாள். நன்றாகப் பழுத்த பழம். கட்டம் வரைந்தது.

"இது உங்களுதுதான் மாமா. இனிமே நீங்க வெச்சிக்குங்க" என்று அவன் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.